முப்பது எழுத்து

உயுனி உப்புவெளியில் பகல் பதினொன்று.
நிழல் என்று சொல்ல
லாரிக்கு அடியில் ஒரு பாய் அகலம்,
அதிலும் நாய் படுத்திருக்கிறது.

எவரிஸ்தா சோக்கே உப்பை வாரிக்
குவியல் குவியலாய் நிறுத்துகிறாள்.
கம்பளி முகமூடி, கறுப்புக் கண்ணாடி,
அதற்குமேல் தொப்பி.
இடது காதுமடல் மட்டும்
எப்படியோ வெளியே வந்துவிடும்,
பாடம் நடக்கும்போது
சன்னலைப் பார்க்கும் பையனைப் போல.

அந்தக் காதில்தான் ஆறாத புண்.
முதலில் கடுகளவு. பிறகு பட்டாணியளவு.
போன செவ்வாய் ஒரு துண்டு நறுக்கிச்
சீசாவில் போட்டு லா பாஸுக்கு அனுப்பினார்கள்.
முடிவு வர மூன்று வாரம்.
உப்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது,
மழை வந்தால் குவியல் கரைந்துவிடும்.

ஃபாபியோலா கிஸ்பெர்ட் நீர் எடுக்க வந்தவள்.
குளிர்பெட்டி, குழாய்கள், பெயர்ச்சீட்டுகள்.
உப்புத் தரையை உடைத்தாள்.
அடியில் இளஞ்சிவப்பாய் ஒரு குழம்பு,
அத்தனையும் உயிர்.
"இதுகளுக்குக் காதில் புண் வராதா?"
எவரிஸ்தா விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

ஃபாபியோலா முழங்காலிட்டு
உப்பின்மேல் விரலால் எழுதினாள்.
எழுத்து நான்கே.
அதையே மாற்றி மாற்றி முந்நூறு கோடி இடத்தில்.
வெயில் விழுந்தால்
அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்
ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும்,
வரி அங்கே புடைக்கும்.
படியெடுத்தபடி வரும் நொதி
புடைப்பில் முட்டி நிற்கும்.
சில சமயம் நிற்காது,
குத்துமதிப்பாய் எதையோ எழுதிவிட்டுப் போகும்.
எழுதினவன் ஏட்டைக் கெடுப்பது
அப்படித்தான்.

இந்தக் குழம்பிடம் ஒரு நொதி உண்டு.
சுட்ட வெயிலிலிருந்தே
ஒரு துளி நீலத்தைப் பிடித்து
அந்த முடிச்சை அவிழ்க்கும்.
வெட்டு கிடையாது, தையல் கிடையாது,
அடித்த கையே தடவிக்கொடுக்கிற மாதிரி.
நமக்கும் இருந்ததாம்.
நம் முன்னோர் வளையில் ஒளிந்து
இரவில் மட்டும் மேய்ந்த காலத்தில்
எங்கோ தொலைந்துபோயிற்று என்கிறார்கள்.
பார்த்தவர் யாரும் இல்லை. ஊகம்தான்.

"தொலைத்தது யார்?"
எவரிஸ்தாவின் குரல் கடன்பாக்கி கேட்கும் குரல்.

நமக்கு மிஞ்சியது சுற்றுவழி.
ஒன்று வரியைத் தடவிப் பார்க்கும்.
ஒன்று இழையைப் பிரிக்கும்.
இன்னும் இரண்டு வந்து
முன்னே ஒரு வெட்டு, பின்னே ஒரு வெட்டு.
பிழை இரண்டெழுத்துதான்,
வெட்டிப்போவது ஏறக்குறைய முப்பது.
எதிர்வரியைப் பார்த்து மற்றொன்று நிரப்பும்,
தப்பென்று பட்டால்
ஓரெட்டு பின்வைத்து அழித்துவிட்டு எழுதும்.
எல்லாம் முடிந்தபின் ஒட்டுகிறவள் வருவாள்.

உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு:
தமிழில் கூட்டினாலும் முப்பது.
தற்செயல்தான்.
உப்புவெளியில் அதைச் சொல்ல ஆளில்லை,
இங்கே சொல்லிவைக்கிறேன்.
இரண்டெழுத்துப் பிழைக்கு
ஓர் அரிச்சுவடியே செலவாகிறது,
ஒவ்வொரு தடவையும்.

தலையெழுத்தை அழிக்க முடியாதென்று
எத்தனை பேர் எத்தனை வாசலில் சொன்னோம்.
உள்ளே அழித்து எழுதிக்கொண்டேதான் இருக்கிறது,
நம்மைக் கேட்காமல்.

"ராத்திரியில் தைக்குமா?"
"பகலிலும். நீங்கள் உப்பு வாரும்போதும்."
"எனக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி.
அதுகளுக்கு?"
ஃபாபியோலா குழாய்க்கு மூடி தேடினாள்.

"அப்படியென்றால் என் காதில் மட்டும்
ஏன் விட்டுப்போயிற்று?"
முடிச்சுகள் அதிகம், வருடங்கள் அதிகம்,
ஏதோ ஒரு நாள் ஒரு தையல் பிசகியிருக்கும்.
இதையெல்லாம் ஃபாபியோலா சொல்லவில்லை.
பையில் துழாவி
ஒரு களிம்புக் குழாயை நீட்டினாள்,
பாதி தீர்ந்தது.

எவரிஸ்தா அதை இடுப்பில் செருகிக்கொண்டு
மண்வெட்டியை எடுத்தாள்.
தரையில் எழுதியிருந்த எழுத்துகளை
உப்போடு சேர்த்து வாரிக்
குவியலில் போட்டாள்.
அடுத்த மாதம் ஓருரோவில் யாரோ ஒருவர்
சூப்பில் கரைத்துக் குடிக்கலாம்.

நாய் எழுந்து
நகர்ந்துபோன நிழலுக்குள் போய்ப் படுத்தது.
காது மறுபடி வெளியே.